'ஆமிர்' (2008): அறியப்படாத முகம் ஒரு திரில்லருக்கு என்ன தருகிறது?

கடைசி வரிசை எழுதியது:

சென்ற வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவோடு உட்கார்ந்து 'ஆமிர்' பார்த்தேன். அப்பா ஹைதராபாத்தில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்பதால் அவருக்கு இந்தி ஓரளவு புரியும். படம் தொடங்கிக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். "இந்தப் பையன் பிழைப்பானா, மாட்டானா?" என்று கேட்டார். எத்தனையோ இந்திப் படங்களை அவரோடு பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. பெரிய நடிகர் நடித்தால் கடைசிவரை அவருக்கு ஒன்றும் ஆகாது என்பது நமக்கு டிக்கெட் வாங்கும்போதே தெரிந்துவிடுகிறது. துப்பாக்கியை நெற்றியில் வைத்தாலும் பதறமாட்டோம். இந்தப் படத்தில் அந்த உத்தரவாதம் இல்லை. அதுதான் இதன் முதல் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டனிலிருந்து மும்பைக்குத் திரும்புகிறார் மருத்துவர் ஆமிர் அலி. விமான நிலையச் சோதனையில் அவருடைய பெட்டியைத் திரும்பத் திரும்பக் கிளறுகிறார்கள். வெளியே வந்தால் அழைத்துப்போகக் குடும்பத்தார் யாரும் வரவில்லை, வீட்டுத் தொலைபேசியையும் எவரும் எடுக்கவில்லை. இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள் ஒரு கைப்பேசியை அவரிடம் வீசிவிட்டுப் போகிறார்கள். அது ஒலிக்கிறது. குடும்பம் தன் பிடியில் இருப்பதாகவும், சொன்னதைச் செய்தால் மட்டுமே அவர்கள் உயிரோடு திரும்புவார்கள் என்றும் ஒரு குரல் சொல்கிறது. மீதிப் படம் முழுவதும் அந்தக் குரல் இழுத்த இழுப்புக்கு அவர் மும்பையின் சந்துகளில் ஓடுவதுதான்.

2008 ஜூன் 6 அன்று வெளியான படம். இயக்கிய ராஜ்குமார் குப்தாவுக்கு இதுவே முதல் படம். ஓடும் நேரம் நூறு நிமிடங்களுக்குள்தான். பாட்டுக்கு வாயசைக்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. நாயகன் ராஜீவ் கண்டேல்வாலுக்கும் இதுவே முதல் திரைப்படம். இனி படத்தின் முடிவையும் சேர்த்தே பேசப்போகிறோம் என்பதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

மாலைநேரத் தொடர் எழுதியது:

ஒரு திருத்தம். ராஜீவ் கண்டேல்வாலை அறியப்படாத முகம் என்று சொல்வது திரையரங்கு ரசிகர்களைப் பொறுத்தவரைதான் சரி. ஸ்டார் பிளஸில் வந்த 'கஹீன் தோ ஹோகா' தொடரில் சுஜல் என்ற பாத்திரத்தில் நடித்தவர் அவர். அந்த ஆண்டுகளில் வட இந்திய வீடுகளில் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. பிறகு சப் தொலைக்காட்சியின் 'லெஃப்ட் ரைட் லெஃப்ட்' தொடரில் ராணுவப் பயிற்சி அதிகாரியாக வந்தார். நான் அப்போது நாக்பூரில் கல்லூரி மாணவி. விடுதியின் பொது அறையில் அந்தத் தொடருக்காக இடம்பிடித்துக் காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் உங்கள் கருத்தை நான் மறுக்கவில்லை, வேறொரு பக்கத்திலிருந்து ஏற்கிறேன். தொடர்களில் அவர் எப்போதும் அதிகாரம் உள்ளவர்; கோட்டு, இறுகிய தாடை, எதிரே நிற்பவரைப் பார்வையாலேயே அடக்கும் தோரணை. 'ஆமிர்' அதைப் படிப்படியாக உரித்தெடுக்கிறது. முதல் காட்சியில் இஸ்திரி கலையாத கோட்டுடன் நிற்பவர், ஒரு விடுதியின் நாற்றமடிக்கும் கழிப்பறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு எதையோ தேடும்போது, அவரைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய எனக்குத் தாங்கமுடியவில்லை. அவரை அறியாதவர்களுக்கு 'இவன் பிழைப்பானா' என்ற பயம் வந்தது. அறிந்தவர்களுக்கு 'இவருக்கா இந்த நிலை' என்ற வேதனை வந்தது. இரண்டும் இயக்குநருக்குச் சாதகமாகவே அமைந்தன.

ஒளி அளவி எழுதியது:

இந்தப் படத்தைப் பற்றிய பேச்சில் ஒளிப்பதிவாளரின் பெயர் விடுபட்டுப்போவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. அல்போன்ஸ் ராய். நம் சென்னையைச் சேர்ந்தவர். காட்டுயிர் ஆவணப்படங்களால் உலக அளவில் அறியப்பட்டவர். சின்ன படங்களுக்கு ஒளிப்பதிவு உதவியாளனாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: காட்டில் விலங்கைப் படம்பிடிப்பதற்கும் கூட்டம் நிறைந்த கடைத்தெருவில் ஒரு நடிகரைப் படம்பிடிப்பதற்கும் வேண்டிய திறமை ஏறக்குறைய ஒன்றுதான். விலங்குக்கு நாம் இருப்பது தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் அது இயல்பாக இருக்காது. தெருவும் அப்படித்தான், கேமராவைக் கண்டதும் நடப்பவர் நின்றுவிடுவார், சிறுவர்கள் கையசைப்பார்கள், கடைக்காரர் தலையைச் சீவிக்கொள்வார்.

இப்படத்தின் தெருக்காட்சிகளில் பல, கேமராவை மறைத்துவைத்து எடுக்கப்பட்டவை. ஆமிர் சந்தில் நடக்கும்போது முன்னால் ஒரு தோள், ஒரு தள்ளுவண்டியின் விளிம்பு, தொங்கும் துணி என ஏதாவது ஒன்று பார்வையை மறைத்துக்கொண்டே இருப்பதைக் கவனியுங்கள். ஒளிந்திருந்து பார்ப்பவனின் கோணம் அது. கதையிலும் ஆமிரை யாரோ ஒளிந்திருந்து கண்காணிக்கிறார்கள். அப்படியானால் நாம் யாருடைய கண்ணால் இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? பணம் இல்லாததால் மேற்கொண்ட முறையே படத்தின் பொருளாகவும் மாறிவிட்டது.

இங்கேதான் நாயகனின் முகம் முக்கியமாகிறது. பெயர்பெற்ற திரை நட்சத்திரத்தைக் கூட்டமான தெருவில் இறக்கினால் ஐந்தே நிமிடத்தில் போக்குவரத்து நின்றுவிடும். காவல், கயிறு, துணை நடிகர்கள் என்று தெருவையே வாடகைக்கு எடுக்கவேண்டிவரும். திரையரங்குக்குப் புதியவரான ஒருவரைக் கொண்டு எடுத்ததால்தான் அந்தத் தெரு தெருவாகவே இருக்கிறது. ஆகவே 'சிறிய பட்ஜெட், அதனால் சிறிய நடிகர்' என்று வரிசைப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தப் படத்தை இந்த முறையில் எடுக்கவேண்டுமானால், எவ்வளவு பணம் இருந்தாலும் இப்படி ஒருவரைத்தான் தேடியிருக்கவேண்டும்.

மாட்டுங்காவாசி எழுதியது:

ஒளி அளவி எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் அந்தத் தெருக்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

நான் மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழன். இருபது வயதில், முகம்மது அலி சாலைக்கு அருகே இருந்த ஒரு துணி மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். டோங்ரி, பேண்டி பஜார், சோர் பஜார் எல்லாம் என் காலுக்குப் பழகிய இடங்கள். மதியத்தில் எங்கள் முதலாளி வீட்டுச் சாப்பாடு வரும்; சைவம் சாப்பிடும் எனக்காக அவருடைய மனைவி தனியாக ஒரு டப்பாவில் பருப்பும் சப்பாத்தியும் கட்டி அனுப்புவார். ஒருநாள்கூட மறந்ததில்லை. ரமலான் மாதத்து இரவுகளில் மினாரா மசூதிப் பக்கம் மால்புவா பொரிக்கும் நெய்மணம் மேம்பாலத்துக்கு அப்பாலும் வரும். என்னுடைய டோங்ரி இதுதான்.

படத்தின் டோங்ரி வேறு. தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவன், பூத்தில் தொலைபேசிக்குக் காசு வாங்குபவன், சன்னலோரம் நிற்பவன் என எல்லோரும் அந்தக் குரலின் ஆட்களோ என்று நினைக்கவைக்கிறது படம். நாயகனின் பயத்தை நமக்குக் கடத்த அது தேவையான உத்திதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உத்தியின் விலையைக் கொடுப்பது யார்? கேமரா மறைந்திருப்பது தெரியாமல் தன் வழியே போன அந்த மனிதர்கள்தானே? தன் முகம் ஒரு திரில்லரில் சந்தேகத்துக்கு உரிய முகமாகக் காட்டப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒரு நல்ல முஸ்லிமை நாயகனாக வைத்துவிட்டு, அவரைச் சுற்றியுள்ள பேட்டை முழுவதையும் நிழலாக்கிவிட்டது படம் என்றே நான் கருதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2009இல் தொடங்கப்பட்ட ஓர் அறக்கட்டளையின் மறுசீரமைப்புத் திட்டத்தில் பேண்டி பஜாரின் பழைய கட்டிடங்களை இடித்து உயரமான அடுக்குமாடிகள் கட்டிவருகிறார்கள். மரக் கைப்பிடி வைத்த படிக்கட்டுகளும், துணி காயும் நீண்ட பொது வராந்தாக்களும் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன. மனக்குறை இருந்தும் இந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்ததற்குக் காரணம் அந்த வராந்தாக்கள்தான்.

நெய்தல் நிலவன் எழுதியது:

மாட்டுங்காவாசி அண்ணன் எழுதியதற்கு நன்றி. நான் கீழக்கரைப் பக்கத்தைச் சேர்ந்தவன். வளைகுடாவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். எங்கள் வீட்டில் இந்தப் படத்தைப் பார்த்தபோது, குண்டு வெடிக்கும் காட்சியைவிட முதல் பத்து நிமிடங்கள்தான் எங்களை அசையாமல் உட்காரவைத்தன.

ஒருமுறை ஊர் திரும்பும்போது ஒரு விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் பார்த்த அலுவலர், அதைக் கையில் வைத்துக்கொண்டே என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். எனக்குப் பின்னால் இருந்த முப்பது நாற்பது பேரும் என்னைக் கடந்து போனார்கள். பெட்டியைத் திறந்து, பிள்ளைகளுக்கு வாங்கிய சாக்லேட் பொட்டலங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்கள். எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "சரி, போங்கள்" என்பதோடு முடிந்தது. பொட்டலங்களை மறுபடியும் அடுக்கும்போது என் விரல்கள் நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது. தவறு செய்யாதவனுக்கு எதற்கு நடுக்கம் என்று பலர் கேட்பார்கள். தவறு செய்யாதவனுக்குத்தான் அது வரும். என்ன பதில் சொன்னால் விடுவார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

ராஜீவ் கண்டேல்வால் அந்தக் காட்சியில் கோபத்தை முழுவதும் வெளிக்காட்டுவதில்லை. குரலை உயர்த்தத் தொடங்கி, உடனே தணித்துக்கொள்கிறார். படித்தவன், மருத்துவன், வெளிநாட்டிலிருந்து வருபவன் என்ற தன்மானம் ஒருபுறமும் இதை வளர்த்தால் தனக்குத்தான் கேடு என்ற கணக்கு மறுபுறமும் அவர் முகத்தில் மாறிமாறி வருகின்றன. புகழ்பெற்ற நட்சத்திரம் அங்கே நின்றிருந்தால், அந்த அலுவலரை அடுத்த நிமிடமே ஒரு வசனத்தால் மடக்கியிருப்பார், அரங்கமும் கைதட்டியிருக்கும். அந்தக் கைதட்டல் எங்களுக்கு வாழ்க்கையில் கிடைப்பதில்லை. படத்திலும் அது கிடைக்காததால்தான் நான் இதை நம்பினேன்.

பேட்டையைக் காட்டிய விதத்தில் எனக்கும் மாட்டுங்காவாசி அண்ணனுக்கு உள்ள வருத்தமே. ஆயினும் அவர் விட்ட ஒரு காட்சி உண்டு. அந்தப் பேட்டையில் ஆமிருக்கு மனிதத்தன்மையோடு உதவ முன்வருபவள், உடலை விற்றுப் பிழைக்கும் ஒரு பெண். படம் முழு இருட்டாகப் போகவில்லை என்பதற்கு அவள் சாட்சி. ஆனால் அவளைப் போல் இன்னும் இருவரையாவது காட்டியிருக்கலாம்.

பழைய பிரதி எழுதியது:

எவரும் தொடாத ஒன்றைத் தொடுகிறேன். 2005இல் 'கவித்தே' என்ற படம் வந்தது. இயன் கமசோன், நீல் டெலா லானா என்ற இருவர் சேர்ந்து மிகச் சொற்பப் பணத்தில் எடுத்தது. கமசோனே நாயகனாகவும் நடித்தார். அமெரிக்காவில் வாழும் ஓர் இளைஞன் பிலிப்பைன்ஸுக்குத் திரும்புகிறான். விமான நிலையத்தில் அவனுக்கு ஒரு கைப்பேசி கிடைக்கிறது. தாயும் தங்கையும் பிணையாக இருப்பதாகச் சொல்லி ஒரு குரல் அவனைச் சேரிகளின் ஊடாக நடத்திச் செல்கிறது. 'ஆமிர்' வந்தபோதே இந்த ஒற்றுமையைப் பலர் சுட்டிக்காட்டினார்கள். எலும்புக்கூடு அங்கிருந்து வந்தது என்பதே என் கருத்து. அதைப் படத்தின் தொடக்கத்திலேயே சொல்லி நன்றி தெரிவித்திருக்கவேண்டும். கையில் காசில்லாமல் படமெடுத்த இருவருக்கு அதைவிடப் பெரிய கூலி வேறில்லை.

இதனால் 'ஆமிர்' சிறிய படமாகிவிடாது. கதையின் சதை மும்பையுடையது. ராஜ்குமார் குப்தா, 1993 குண்டுவெடிப்புகளைப் பற்றிய 'பிளாக் ஃபிரைடே'யில் அனுராக் காஷ்யப்பிடம் உதவியாளராக இருந்தவர். அந்த நகரத்தின் காயம் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். 2006 ஜூலையில் உள்ளூர் ரயில்களில் குண்டுகள் வெடித்து இரண்டாண்டுகள்கூட முடியாத நிலையில் வந்த படம் இது. முடிவிலும் இரு படங்களின் நாயகர்கள் வெவ்வேறு வழிகளில் போகிறார்கள்.

தேய்ந்த நாடா எழுதியது:

பேச்சு முகத்தைப் பற்றியே சுற்றுவதால் குரலைப் பற்றியும் சொல்லவேண்டும். தொலைபேசியில் பேசுபவர் கஜராஜ் ராவ். 2018இல் 'பதாயி ஹோ' வந்த பிறகு நாடே அவரைச் சாதுவான அப்பாவாகக் கொண்டாடியது. 2008இல் அவர் பெயரைச் சொன்னால் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்லும் பொறுமை இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார். எதிர்முனையில் ஒருவன் பசியோடும் பயத்தோடும் ஓடிக்கொண்டிருக்கிறான் என்பது அவருடைய செரிமானத்தைச் சற்றும் பாதிக்கவில்லை. வில்லனும் நமக்கு முன்பின் தெரியாத குரலாக இருந்ததால், அடுத்து என்ன சொல்வார் என்று ஊகிக்கமுடியவில்லை.

இசையும் அப்படியே. அமித் திரிவேதியின் இசையில் முதலில் வெளியான திரைப்படம் இதுதான். பாடல்களை எழுதியவர் அமிதாப் பட்டாச்சார்யா. 'தேவ் டி'க்காகத் திரிவேதி தேசிய விருது பெற்றது இதற்குப் பிறகு. ஷில்பா ராவ் பாடிய 'ஏக் லௌ' பாட்டைக் கேட்டுப்பாருங்கள். ஒரு சுடர் ஏன் இப்படி அணைந்தது என்று கேட்கும் பாட்டு அது. படம் பார்த்துவிட்டுத் தனியாகக் கேட்டால் என்னால் முழுவதும் கேட்க முடிவதில்லை.

இங்கே 1996இல் வந்த சுதிர் மிஸ்ராவின் 'இஸ் ராத் கீ சுபஹ் நஹீன்' படத்தையும் நினைவூட்டுகிறேன். ஒரே இரவில் மும்பையில் நடக்கும் கதை. நாயகன் நிர்மல் பாண்டே, அவரும் நட்சத்திரம் அல்லர். அதற்கு இசையமைத்த எம்.எம். கிரீம் வேறு யாருமல்லர், 'அழகன்' படத்துக்கு இசையமைத்த நம் மரகதமணி. நிர்மல் பாண்டே 2010இல் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். அந்த இரவு முழுவதும் அவர் ஓடும் ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு 'ஆமிர்' எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பது தெரியும்.

கேள்விக்குறி எழுதியது:

எனக்குப் படம் பிடித்திருந்தது, ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஆமிர் ஏன் காவல் துறையிடம் போகவில்லை? நகரம் முழுவதும் அலைகிறார்; ஒரு காகிதத்தில் எழுதி யாரிடமாவது கொடுத்திருக்கலாமே?

நெய்தல் நிலவன் எழுதியது:

கேள்விக்குறி அவர்களுக்கு: அதற்கான விடையைத்தான் முதல் பத்து நிமிடங்களில் படம் சொல்லிவிடுகிறது. பெட்டியில் ஒன்றுமில்லாதபோதே நம்பாதவர்கள், சொல்லிக்கொடுத்த எண்ணுக்குப் பூத்திலிருந்து பாகிஸ்தானுக்குப் பேசிவிட்டுக் கையில் சிவப்புப் பெட்டியோடு வந்து நிற்கும் ஒருவனை நம்புவார்களா? அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்யவைத்ததே, திரும்பிப் போகும் வழியை அடைப்பதற்காகத்தான். குடும்பத்தைப் பிடித்துவைத்தது பாதிப் பூட்டு, அந்த அழைப்பு மீதிப் பூட்டு. எனக்கு இது திரைக்கதையின் ஓட்டையாகத் தெரியவில்லை; படத்திலேயே கவனமாகக் கட்டப்பட்ட இடம் இதுதான்.

கடைசி வரிசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாட்டுங்காவாசி சொன்ன மனக்குறையோடு நேற்று மறுபடியும் பார்த்தேன். அவர் சொல்வது சரி. ஒருமுறை அது கண்ணில் பட்டபிறகு அந்தத் தெருக்காட்சிகளை முன்பு போல் பார்க்கமுடியவில்லை. நாயகனை அறியாத முகமாக வைத்து நமக்குள் பதற்றத்தை எழுப்பிய அதே படம், தெருவில் போகிற அறியாத முகங்களையும் அதே பதற்றத்துக்காகப் பயன்படுத்திக்கொண்டது. முதலாவதை நான் பாராட்டினேன், இரண்டாவதைக் கவனிக்கவில்லை.

இன்னொன்று, கடைசிக் காட்சி. குண்டு இருக்கும் அந்தச் சிவப்புப் பெட்டியைப் பேருந்தில் வைத்துவிட்டு இறங்கியவர், சில அடிகள் நடந்து நின்று, திரும்பி ஓடி அதை எடுத்துக்கொண்டு ஆளில்லாத இடம் தேடுகிறார். இடம் இல்லை. அப்போது அவர் பெட்டியைத் தூர வீசுவதில்லை. இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொள்கிறார், அழுகிற குழந்தையைத் தேற்றுவதுபோல. நாள் முழுவதும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிச்சென்ற பெட்டியை அவர் அணைத்துப் பிடிப்பது அந்த ஒரு தடவைதான். பிறகு செய்தியில் அவரைப் பயங்கரவாதி என்கிறார்கள்.

அப்பா அதற்குள் எழுந்துபோய் வாசல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரம் கழித்து, "அந்த வீட்டு ஆட்களுக்காவது உண்மை தெரிந்திருக்குமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், அவரிடம் படித்துக்காட்டுகிறேன்.